முதல் சலவையில் இறங்கிய சாயம்: டர்பன் குழந்தைக் குயில்ட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்த பொருள் ஒரு குழந்தைக் குயில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்து நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை. அகலம் 36 அங்குலம், நீளம் 40½ அங்குலம். ஐந்து அங்குலச் சதுரங்களாக வெட்டி, நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, வரிசைக்கு எட்டாக ஒன்பது வரிசை சேர்த்தது; ஆக 72 கட்டம். தைத்தவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சேட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஓர் ஆயா. இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். பேத்திக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்காகத் தைத்தார். பிள்ளையும் பிறந்தது. பெயர் வைக்கும் நாளுக்கு முன்னால் ஒருமுறை அலசிவிடலாம் என்று மெஷினில் போட்டார்கள். வெளியே எடுத்தபோது வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ரோஸ் நிறம்.

எங்கள் தையல் வகுப்புக்கு அது ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் பேசினில் வந்தது. கூடவே தீர்ப்பும் வந்துவிட்டது. "அந்தச் சிவப்புத் துணி வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்" என்று பேத்தியின் பெரியம்மா வாசலிலேயே ஆரம்பித்தார். ஆயா வாயே திறக்கவில்லை. சிவப்பைத் தேர்ந்தெடுத்தது அவர்தான்.

தைத்த கையும் எடுத்த துணியும்

ஆயா சின்ன வயதிலிருந்து ஆடை ஆலையில் மெஷினிஸ்ட். ஆலையில் ஒரு சட்டையை ஒருவரே முழுதாகத் தைப்பதில்லை. கை ஒருத்திக்கு, பை ஒருத்திக்கு, பட்டன் பட்டி ஒருத்திக்கு. இவருக்குக் காலர். டர்பனின் சேட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இப்படி ஒரே ஒரு வேலையில் கை தேர்ந்த பெண்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். 1990-களில் இறக்குமதி வரி குறைந்து வெளிநாட்டு உடுப்பு மலிவாக வந்து குவிய, டர்பனில் பல ஆலைகள் மூடிவிட்டன. வேலை போனாலும் கைப்பழக்கம் போகவில்லை. இந்தக் குயில்ட்டில் நாலு கட்டங்கள் கூடும் மூலைகளை விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் நேருக்கு நேர், எங்கும் மேடு தட்டவில்லை. எங்கள் வகுப்பில் வருஷக்கணக்காகத் தைப்பவர்களுக்கே இது வராது. எனவே தையல் கோளாறு என்ற கேள்வியை அங்கேயே தள்ளிவைத்தோம்.

மேல்துணியில் நாலு வகை: ஷ்வேஷ்வே என்ற அச்சுப் பருத்தியில் நீலம் 24 கட்டம், சிவப்பு 18, பழுப்பு 12, மிச்சம் 18 வெள்ளை. வெள்ளை என்றால் கடையில் எடுத்ததில்லை. இறந்துபோன தாத்தா கோயிலுக்கென்று கட்டிய பருத்தி வேட்டிகள். பிறந்த பிள்ளையைப் பழைய பருத்தியில் சுற்றுவது நம் வழக்கம்தானே. பல வருஷம் துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன துணி. வீட்டில் எல்லோரும் பதறியதற்குக் காரணமும் அதுதான். ஷ்வேஷ்வே போனால் கிரே ஸ்ட்ரீட்டில் வேறு வாங்கிவிடலாம்.

ஷ்வேஷ்வே தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது தென்னாப்பிரிக்காவின் அச்சுப் பருத்தி. ஈஸ்டர்ன் கேப்பில் ஸ்வெலிட்ஷா என்ற இடத்தில் ட காமா ஆலை 1982 முதல் இதை அச்சிட்டு வந்தது. பெயர்பெற்ற 'த்ரீ கேட்ஸ்' வகையின் உரிமையை 1992-ல் அந்த ஆலை வாங்கியபோது, அதற்குரிய செம்பு உருளைகளும் கப்பலில் இங்கே வந்தன. முதலில் துணி முழுக்கச் சாயம் ஏற்றுவார்கள். அப்புறம் செதுக்கிய செம்பு உருளை வழியாக மெல்லிய அமிலக் கரைசலைத் தடவுவார்கள். அது பட்ட இடத்தில் சாயம் வெளுத்து, புள்ளியும் பூவும் கோடுமாக வெள்ளை தெரியும். துணியின் அகலம் 90 சென்டிமீட்டர்தான். பின்பக்கம் ஆலை முத்திரை இருக்கும். புதுத்துணி கஞ்சியில் மொடமொடவென்று நிற்கும். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் என்பார்கள். ஒருமுறை அலசினால் கஞ்சி போய் மிருதுவாகிவிடும், கூடவே கொஞ்சம் சுருங்கும். ஆயா இதை அலசாமலே வெட்டியிருந்தார். மொடமொடப்பான துணி கத்தரிக்கு வாகாக நிற்கும், கட்டம் பிசகாது. காலர் தைத்தவர் அப்படித்தான் யோசிப்பார்.

உள்ளே பருத்திப் பஞ்சு விரிப்பு. பின்னால் மெரூன் நிறத்தில் ஒரு சாதாப் பருத்தி. மீட்டர் விலை மலிவு என்று யாரோ வாங்கி வந்தது. அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

மெஷினுக்குள் நடந்தது

40 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் பாதியில் நின்றது. லோட்ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு. முன்பக்கம் கதவு வைத்த மெஷின், கரண்ட் இல்லாவிட்டால் கதவு திறக்காது. உள்ளே வெந்நீர், அதில் மடங்கிக் கிடக்கும் குயில்ட், வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம். கரண்ட் வருவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும்வரை கழன்ற சாயம் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருக்கும், அலசும்போது வடிந்தும் போகும். துணி அசையாமல் கிடந்தால் அதே சாயம் பக்கத்துத் துணியில் ஊறி ஏற நேரம் கிடைக்கிறது. கரண்ட் போகாமல் இருந்திருந்தால் கறை இவ்வளவு ஏறியிருக்காது. ஆனால் சாயம் இறங்கியதற்குக் காரணம் கரண்ட் இல்லை.

வெளியே எடுத்ததும் நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள்: கல்லுப்புப் போட்டுப் பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்தார்கள். காலையில் ரோஸ் அப்படியே இருந்தது. ஒரே ஒரு நல்ல காரியம், யாரும் வெயிலில் காயப்போடவில்லை, இஸ்திரியும் போடவில்லை. காய்ந்து சூடு பட்ட கறையை எடுப்பது பலமடங்கு கஷ்டம்.

எந்தத் துணி?

மேசையில் விரித்ததும் கண்ணில் பட்ட முதல் விஷயம் கறையின் பரவல். சிவப்புதான் குற்றவாளி என்றால், சிவப்புக் கட்டத்தை ஒட்டிய வெள்ளை அதிகம் சிவந்திருக்க வேண்டும். அந்தத் தையலோரம் அடர்ந்து, நடுவில் வெளிறியிருக்க வேண்டும். அப்படி இல்லை. இரண்டு பக்கம் சிவப்பு இருந்த வேட்டிக் கட்டமும், நாலு பக்கமும் நீலமும் பழுப்புமே இருந்த கட்டமும் ஒரே அளவு ரோஸ். கட்டத்தின் நடுவிலும் ஓரத்திலும் ஒரே நிறம். பக்கத்துக் கட்டத்திலிருந்து வந்த சாயம் இப்படிச் சமமாகப் பரவாது.

அப்புறம் ஒரு மூலையில் ஓரப்பட்டியை இரண்டு அங்குலம் பிரித்தோம். உள்ளே பஞ்சு. மெரூனைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் அடர்ந்த சிவப்பு. மேல்துணியைப் பார்த்த பக்கம் வெளிர் ரோஸ். அதாவது நிறம் கீழேயிருந்து மேலே ஏறியிருக்கிறது. இதைப் பார்த்ததும் பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

உறுதி செய்ய, மிச்சமிருந்த துண்டுகளைத் தனித்தனிக் கண்ணாடி டம்ளரில் போட்டோம். ஒவ்வொன்றிலும் வெந்நீர், ஒரு சொட்டுச் சோப்புத் திரவம், வேட்டியிலிருந்து வெட்டிய ஒரு சின்ன வெள்ளைத் துண்டு. அரை மணி நேரம். நீல ஷ்வேஷ்வே டம்ளரில் கஞ்சி கரைந்து தண்ணீர் கலங்கியது, லேசான நீலச் சாயல்; வெள்ளைத் துண்டைக் குழாயில் காட்டியதும் அது போய்விட்டது. பழுப்பில் ஒன்றுமில்லை. எல்லோரும் திட்டிய சிவப்பு ஷ்வேஷ்வேயில் தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவு. மெரூன் டம்ளர் மட்டும் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. அதிலிருந்த வெள்ளைத் துண்டு எத்தனை முறை பச்சைத் தண்ணீரில் அலசியும் ரோஸாகவே நின்றது.

"பின்னாடி இருக்கறத யாரு பாப்பா பாக்கறது" என்றார் ஆயா, அன்று முதல் தடவையாக வாய் திறந்து.

ஏன் அது மட்டும்?

நீலத்தைத்தான் பொதுவாகச் சந்தேகப்படுவார்கள், காரணமும் உண்டு. நீலி (இண்டிகோ) சாயம் நூலின் மேல்பரப்பில் ஒட்டி நிற்கும், உரசினால் உதிரும். புது ஜீன்ஸ் தொடையை நீலமாக்குவது இதனால்தான். ஆனால் அந்தச் சாயம் தண்ணீரில் கரைவதில்லை, துகளாகத்தான் உதிர்கிறது. துகளைப் பெரும்பாலும் சோப்பு போட்டு அலசி எடுத்துவிடலாம். கரையும் சாயம் வேறு. அது தண்ணீரோடு சேர்ந்து பக்கத்துப் பருத்திக்குள் புகுந்து உட்கார்ந்துவிடும்.

இன்று பருத்திக்கு அதிகம் போடுவது ரியாக்டிவ் சாயம். 1956-ல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த வகை. நூலோடு வேதிப் பிணைப்பாகச் சேர்ந்துவிடுவதால் இது நிற்கும். ஆனால் போடும் சாயம் முழுவதும் நூலோடு சேராது. ஒரு பங்கு தண்ணீரோடு வினை புரிந்து சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஆலையிலேயே கொதிநீரில் பலமுறை அலசி எடுக்க வேண்டும். அடர்ந்த சிவப்பு, மெரூன், கருநீலம் என்றால் சாயம் அதிகம், அலசலும் அதிகம். தண்ணீருக்கும் வெப்பத்துக்கும் காசு ஆகும், மலிவுத் துணியில் இங்கேதான் கை வைப்பார்கள். இன்னொரு வகை டைரக்ட் சாயம். அது நூலோடு பிணைவதே இல்லை, துவைக்கும்தோறும் கொஞ்சம் இறங்கிக்கொண்டே இருக்கும். மிச்ச மெரூனை வெந்நீரில் திரும்பத் திரும்ப அலசிப் பார்த்தோம், தண்ணீர் தெளியவே இல்லை. முதல் வகையாக இருந்தால் ஒரு கட்டத்தில் நின்றிருக்கும். எனவே இது இரண்டாவது வகை என்றே கணக்கில் எடுத்துக்கொண்டோம்.

கல்லுப்பு விஷயம் பலருக்கு வருத்தம் தரும், தெரிந்தே சொல்கிறேன். சாயத்தொட்டியில் உப்பு போடுவது சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குத் தள்ளுவதற்கு. வீட்டில் புதுச் சேலையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் அந்த நேரத்துக்குச் சாயம் குறைவாக இறங்கும், அவ்வளவுதான், அது நிலைத்துவிடாது. அடுத்த முறை வெறும் தண்ணீரில் மறுபடி இறங்கும். தனிச் சேலைக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. வெள்ளையும் மெரூனும் ஒன்றாகத் தைத்த குயில்ட்டில், உப்பு இறங்கிய சாயத்தை வெள்ளைக்குள்ளேயே தள்ளிவிடும். வினிகரும் பருத்திக்கு உதவாது. கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயத்துக்குத்தான் அது.

பிரித்ததும் மீட்டதும்

பின்துணியை எடுப்பதா, விடுவதா என்று வகுப்பில் இரண்டு கட்சி. துவைக்கும்போது சாயம் உறிஞ்சும் தாள் ஒன்றைக் கூடவே போட்டால் போதும் என்றாள் பேத்தி. பெரியவர்கள் போர்வை என்றால் நானும் சரி என்றிருப்பேன். இது பிள்ளை வாயில் வைத்துச் சப்பும் துணி, பாலும் மூத்திரமும் பட்டு வாரத்துக்கு ஒருமுறையாவது துவைக்கும் துணி. ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்து துவைக்க முடியாது. எடுத்துவிடுங்கள் என்றேன். ஆயா அதற்குள் கைப்பையிலிருந்து பாதிச் சவரப் பிளேடை எடுத்துவிட்டார்.

அவர் பிரித்த விதத்தை எங்கள் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். குயில்ட்டைக் கவிழ்த்து, மெரூன் பக்கம் நாலைந்து தையலுக்கு ஒன்றாகக் கீழ்நூலை மட்டும் பிளேடு நுனியால் தொட்டுக்கொண்டே ஒரு கோடு முழுக்கப் போனார். பிறகு திருப்பி, மேல்நூலின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. நூல் முழு நீளத்துக்கு அப்படியே வந்தது. பிளேடு தவறினாலும் கிழிவது வீசப்போகும் துணிதான், வேட்டிக்குப் பயமில்லை. கட்டங்களின் ஓரமாகக் குறுக்கும் நெடுக்குமாக 15 கோடு. சாயங்காலத்துக்குள் மூன்று அடுக்கும் தனித்தனியாக வந்துவிட்டன.

மேல்துணியை மட்டும் ஆயா வீட்டுக் குளியல் தொட்டியில் போட்டோம். கீசர் தண்ணீர் 60 டிகிரிக்குப் பக்கம். கறை எடுக்க இந்தச் சூடு வேண்டும், பிள்ளைகளை அந்த அறைப் பக்கமே விடக் கூடாது. துணி தாராளமாக மிதக்கும் அளவுக்குத் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், துணி மேலே எழும்பாமல் இருக்க ஒரு ஈரத் துண்டு. தண்ணீரின் அளவுதான் இதில் முக்கியம். வாளியில் அமுக்கினால் கழன்ற சாயம் திரும்ப அதே துணியில்தான் ஏறும். ராத்திரி முழுக்க விட்டு, காலையில் ஒரு வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் மொண்டு பார்ப்போம். நிறம் இருந்தால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். கோப்பையில் தண்ணீர் தெளியும்வரை இதையே செய்தோம். லோட்ஷெட்டிங் அட்டவணையைப் பார்த்துத்தான் கீசர் போட வேண்டியிருந்தது.

ரோஸ் போய்விட்டது. மூலைப் பக்கம் இரண்டு வேட்டிக் கட்டத்தில் மட்டும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் லேசான சாயல் தெரியும். மெஷினுக்குள் மடிப்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட இடமாக இருக்கலாம். அதை மாற்றிவிடவா என்று கேட்டேன். ஆயா விடவில்லை.

வெந்நீர் வேறொரு வேலையும் செய்தது. பழைய வேட்டி நைந்து கிழியாமல் இருக்க, ஆயா அதன் பின்னால் மெல்லிய ஃப்யூசிங், அதாவது இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணி, ஒட்டியிருந்தார். காலருக்கு வைக்கும் அதே சங்கதி. அது சில இடங்களில் குமிழ்விட்டது. ஈரத்துணி போட்டு இஸ்திரியை அழுத்த, பெரும்பாலும் படிந்துவிட்டது. ஃப்யூசிங் இல்லாமல் இருந்திருந்தால் முதல் சலவையிலேயே வேட்டி தையலோரம் விட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொரு கோளாறும் இப்போது தெளிவாகத் தெரிந்தது. அலசாமல் வெட்டிய ஷ்வேஷ்வே, கட்டத்துக்கு அரைக்கால் அங்குலம் போலச் சுருங்கியிருந்தது. வேட்டி சுருங்க வேண்டியதையெல்லாம் தாத்தா காலத்திலேயே சுருங்கி முடித்துவிட்டது, போதாததற்கு ஃப்யூசிங்கும் பிடித்துக்கொண்டது. விளைவு, ஒவ்வொரு வெள்ளைக் கட்டமும் நடுவில் உப்பி நின்றது. பருத்திக் குயில்ட் துவைத்தபின் சுருக்கம் விழுவது அழகுதான், பலர் அதற்காகவே விரும்புவார்கள். ஆனால் எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி சுருங்கினால்தான் அந்த அழகு. 18 கட்டத்தைப் பிரித்துத் திரும்ப வெட்டுவதற்குப் பதில், புதுப் பின்துணியோடு சேர்க்கும்போது வெள்ளைக் கட்டங்களின் மேல் மட்டும் மூலைக்கு மூலை பெருக்கல் குறியாகத் தையல் ஓட்டினோம். உப்பல் அந்தத் தையலுக்குள் அமர்ந்துவிட்டது. பார்க்கிறவர்கள் அதை வடிவமைப்பு என்றே நினைக்கிறார்கள். தையலைச் சிறிதாக வைத்தோம். நீளமாக விட்டால் பிள்ளையின் விரல் அதில் மாட்டும்.

புதுப் பின்துணி வெள்ளை ஃபிளானல். ஃபிளானல் நன்றாகச் சுருங்கும் என்பதால் இரண்டு தடவை வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகே வெட்டினோம். பஞ்சும் புதியது, மெல்லிய ரகம். டர்பன் புழுக்கத்துக்குத் தடித்த பஞ்சு எதற்கு?

இப்போது

பெயர் வைக்கும் நாளுக்குக் குயில்ட் தயாராகவில்லை. அன்று பிள்ளையைத் தாத்தாவின் இன்னொரு வேட்டியில் சுற்றி எடுத்து வந்தார்கள்.

கொடுத்தபோது ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னேன்: ஒரு வயது ஆகும்வரை பிள்ளை தூங்கும் கட்டிலில் இதைப் போடக் கூடாது. தளர்ந்த போர்வை முகத்தை மூடினால் மூச்சுத் திணறும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி இதைப் பல வருஷமாகச் சொல்லி வருகிறது. "நம்ம பிள்ளைங்க எல்லாம் போர்வையிலதானே வளந்துச்சு" என்று ஆயா கேட்டார். பேத்தி பதில் சொல்லவில்லை, ஆனால் குயில்ட்டைத் தரையில்தான் விரிக்கிறாள். குப்புறப் படுத்துத் தலைதூக்கிப் பழக, பிள்ளைக்கு அது நல்ல இடம். கட்டத்துக்குக் கட்டம் நிறம் மாறுவதால் கண்ணும் ஓடுகிறது. நீலத்தில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகளை நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்க்கிறானாம்.

சலவைக்குப் போகும்போதெல்லாம் பேத்தி ஒரு வெள்ளைக் கைக்குட்டையையும் கூடப் போடுகிறாள். இதுவரை கைக்குட்டை வெள்ளையாகவே திரும்பியிருக்கிறது. மீதி மெரூன் துணி ஆயா வீட்டில் குத்துவிளக்கு துடைக்கிறது. அதற்குத் தனி வாளி.

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. எந்தத் துணியாக இருந்தாலும், ஓரப்பட்டிக்கு வரும் கால் மீட்டர் உட்பட, முதலில் டம்ளருக்குள் போய்த்தான் கத்தரிக்கு வர வேண்டும். தைத்து முடித்த பிறகு ஒரு துணியை மட்டும் தனியாகத் துவைக்க வழியே இல்லை. ஆயா அடுத்த பேத்திக்கு ஒன்று ஆரம்பித்துவிட்டார். பச்சையும் மஞ்சளும். துணிக்கடையில் ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு சாண் மட்டும் வெட்டிக் கொடு, பார்த்துவிட்டு மிச்சம் வாங்குகிறேன் என்று நின்றிருக்கிறார். கடைக்காரர் அரை மீட்டருக்குக் குறைந்து வெட்ட முடியாது என்று சொல்லிவிட்டாராம். அரை மீட்டராகவே வாங்கி வந்திருக்கிறார். பச்சையில் ஒன்று தேறவில்லை.